வேலிக்குச் சாயம் எதற்கு?

தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் பக்கத்துத் தெருக்களில் மரவேலி அதிகம் இல்லை. மதில் எழுப்புவதும், கருங்கல் கால் நட்டு முள்கம்பி இழுப்பதும்தான் இங்கே பெருவழக்கு. ஆயினும் வீட்டு முகப்பில் பூச்செடிகளுக்கு அரணாக மரச்சட்ட வேலி போட்டவர்கள் ஆங்காங்கே உண்டு. போட்ட புதிதில் அது பொன்பழுப்பாக இருக்கும். ஓரிரு ஆண்டுகளில் சாம்பல் பூத்துவிடும். விரலால் தேய்த்தால் பஞ்சு போன்ற இழைகள் கையோடு வரும். மரத்திற்கு என்ன நேர்ந்தது?

முதற் குற்றவாளி வெயில். மரம் என்பது செல்லுலோஸ் என்னும் இழைகளும், அவற்றைப் பிணைக்கும் லிக்னின் என்னும் பசையும் சேர்ந்த கட்டுமானம். சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்களை லிக்னின் எளிதில் உட்கொள்கிறது, உட்கொண்டு சிதைகிறது. சிதைந்ததை மழை கழுவிவிடுகிறது. எஞ்சி நிற்பவை வெளிறிய இழைகளே. அவற்றின்மேல் கரும்பூஞ்சணம் புள்ளி புள்ளியாகப் படரும்போது சாம்பல் நிறம் வருகிறது.

இரண்டாவது, நீர். சென்னைப் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்ததை இப்பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். நீரை உண்ட மரம் உப்புகிறது. கோடையில் காய்ந்து சுருங்குகிறது. நீளவாக்கில் இம்மாற்றம் மிகக் குறைவு, குறுக்குவாக்கில்தான் அதிகம். இதனால்தான் சட்டங்கள் நீளவாக்கில் பிளக்கின்றன.

'பெயிண்ட் அடித்தால் போயிற்று' என்று நீங்கள் நினைக்கலாம். பெயிண்ட், மரத்தின்மேல் ஒரு தோலாகப் படிகிறது. மரம் உப்பிச் சுருங்கும்போது அந்தத் தோல் ஈடுகொடுக்க முடியாமல் வெடிக்கிறது. வெடிப்பின் வழியே புகுந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடுகிறது. பளபளவென்று மேலே இருக்க, உள்ளே உளுத்துப்போன சன்னல் சட்டங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சாயமோ மரத்தின் நுண்துளைகளுக்குள் ஊறி நிற்கிறது. மேலே தோல் இல்லாததால் உரிவதற்கும் ஒன்றுமில்லை.

சரி, நிறமற்ற வார்னிஷ் பூசலாகாதா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கண்ணாடி போன்ற பூச்சின் வழியே ஒளி தாராளமாக உட்புகும். அடியில் லிக்னின் சிதைய, பற்றுக்கோடின்றி வார்னிஷே செதில் செதிலாகக் கழன்றுவிடும். சாயத்தில் உள்ள பழுப்பு, செந்நிறப் பொடிகள் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு; நம் காவிக்கல்லின் இனம். புற ஊதாக் கதிர்களை அவை தாமே தாங்கிக்கொள்கின்றன. நிறம் இங்கே அழகுக்காக மட்டும் அன்று. அது மரத்திற்குப் பிடித்த குடை.

சாயமிட ஏற்ற காலம் பிப்ரவரி, மார்ச். மழை ஈரம் வற்றியிருக்கும். கத்திரி வெயில் தொடங்கியிராது. சட்டத்தின்மேல் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் உறிஞ்சப்பட்டால் மரம் தயார். முத்தாக உருண்டு நின்றால் ஈரமோ பழைய பூச்சோ இன்னும் இருக்கிறது என்று பொருள். சாம்பல் இழைகளை உப்புத்தாளால் தேய்த்து நீக்கிவிட்டு, நிழல் விழும் நேரத்தில் மெல்லியதாகப் பூசுங்கள். வெட்டுமுனைகளுக்குக் கூடுதலாக ஊட்ட வேண்டும். மரம் நீர் குடிக்கும் வாய் அதுதான். கால்மணி நேரத்திற்குப் பின் ஊறாமல் நிற்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

அந்தத் துணியைப் பற்றி அவசியம் சொல்லவேண்டும். எண்ணெய்ச் சாயங்கள் பலவற்றில் ஆளிவிதை எண்ணெய் இருக்கிறது. பெயிண்டர்கள் 'லின்சீட் ஆயில்' என்பது இதையே. ஈரத்துணியில் நீர் ஆவியாகி உலர்வதுபோல் இது உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அப்போது வெப்பம் பிறக்கிறது. விரித்துப் போட்ட துணியில் அவ்வெப்பம் காற்றோடு போய்விடும். சுருட்டி மூலையில் எறிந்த துணியிலோ வெப்பம் உள்ளேயே சேர்ந்து, தீக்குச்சி இல்லாமலே துணி பற்றிக்கொள்ளும். கட்டுக்கதை அன்று. 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 38 மாடிக் கட்டடம் ஒன்று எரிந்து, தீயணைப்பு வீரர் மூவர் இறந்தனர். தீ தொடங்கியது ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிக் குவியலில். நம் ஊர் வெயிலில் கூடுதல் கவனம் வேண்டும். துணியை வெளியில் கொடியில் தனித்தனியாக விரித்து விறைக்கும்வரை உலர்த்துங்கள். அல்லது நீர் நிறைந்த தகர டப்பாவில் அமிழ்த்தி வையுங்கள். குழந்தைகள் கைபடாத இடமாக இருக்கட்டும்.

சாயத்தால் ஆகாத காரியமும் உண்டு. வேலிக்கால் மண்ணோடு சேரும் இடத்தில் ஈரமும் காற்றும் ஒருங்கே கிடைப்பதால், மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு அது விருந்து, கரையானுக்கு வாசல். தச்சர்கள் வைரம், வெளிறு என்று பிரித்துச் சொல்வார்கள். நடுமரமான வைரத்தில் மரமே சேர்த்துவைத்த நச்சுப் பொருள்கள் உண்டு; வெளிப்புற வெளிறில் இல்லை. மலிவாகக் கிடைக்கும் இளஞ்சவுக்குக் கழியில் பெரும்பகுதி வெளிறே.

வெளிறுக்கும் வைரத்தின் வலிமையைத் தர வழி கண்டவர் நம் நாட்டு அறிஞர் சொண்டி காமேசம். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய அவர், 1933இல் செம்பு, குரோமியம், ஆர்செனிக் உப்புக்கலவை ஒன்றை உருவாக்கினார். செம்பு பூஞ்சையையும் ஆர்செனிக் கரையானையும் தடுக்க, குரோமியம் இவ்விரண்டும் மழையில் கரைந்தோடாதபடி மரத்தோடு பிணைக்கிறது. உலகெங்கும் மின்கம்பங்களுக்கும் வேலிகளுக்கும் அது பயன்பட்டது. ஆர்செனிக் கசியும் அச்சத்தால், 2003 இறுதியோடு அமெரிக்காவில் வீட்டு உபயோகங்களுக்கான இதன் விற்பனை பெரும்பாலும் நின்றது. பச்சை பாய்ந்த பழைய பதமரம் உங்களிடம் இருந்தால் அதை ஒருபோதும் அடுப்பெரிக்காதீர்கள். புகையிலும் சாம்பலிலும் ஆர்செனிக் வரும்.

வீட்டு வேலிக்கு இவ்வளவு நஞ்சு தேவையில்லை. கருங்கல் துண்டு ஒன்றை மண்ணில் புதைத்து, அதில் இரும்புப் பட்டை பொருத்தி, மரக்காலைத் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் முடுக்கிவிடுங்கள். பிறகு ஆண்டுதோறும் மழைக்கு முன் அந்த ஒரு சொட்டு நீர்ச் சோதனையைச் செய்து, நீர் உறிஞ்சப்படும் இடங்களில் மட்டும் மறுபூச்சு கொடுத்தால் போதும்.