இரு கடல்களுக்கு நீர் தரும் மலைமேடு

தாப்பாவிலிருந்து பேருந்தில் கேமரன் மலைக்கு ஏறினால், சிறிது நேரத்தில் காது அடைக்கிறது. பிறகு உடல் குளிர்கிறது. மேலே போகப் போக வெயில் அதிகமாக அல்லவா இருக்க வேண்டும்? ஏன் குளிர்கிறது?

காற்றைச் சூடாக்குவது பெரும்பாலும் தரைதான். சூடான காற்று மேலே எழும்போது விரிகிறது, விரியும்போது குளிர்ந்துவிடுகிறது. 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி வெப்பம் குறையும். தானா ராத்தா நகரம் சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆகவேதான் அங்கே தேயிலையும் முட்டைக்கோசும் நன்கு விளைகின்றன.

‘தானா ராத்தா’ என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சமநிலம் என்பது பொருள். 1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைக் குறித்து எழுதினார். ஆனால் இங்கே சமநிலம் கொஞ்சம்; சரிவுகளே மிகுதி. தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல், வெயிலாலும் மழையாலும் காலப்போக்கில் உளுத்து மண்ணாகியிருக்கிறது. மரங்களின் வேர்களே அதைப் பிடித்து வைத்திருக்கின்றன.

இம்மேட்டின் தெலோம், பெர்த்தாம் ஆறுகள் இயற்கையில் கிழக்கே ஓடி, பகாங் ஆற்றின் வழியாகத் தென்சீனக் கடலை அடைபவை. 1960-களில் ரிங்லெட்டில் அணை கட்டப்பட்டது. அங்கே தேங்கும் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக மேற்கே பேராவுக்கு இறங்கி, மின்சாரம் தந்துவிட்டு, மலாக்கா நீரிணைப் பக்கம் போகிறது. ஒரே மேட்டில் பெய்த மழை இரு கடல்களுக்கும் செல்கிறது!

காட்டை வெட்டிச் சரிவுகளை வெறுமையாக விட்டால், மழை மண்ணை அரித்துக்கொண்டு போய் அணைக்கட்டு ஏரியில் சேர்க்கிறது. ஏரி தூர்ந்தால் நீர் தேங்க இடமில்லை. 2013-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பெருமழையில் ஏரி நிரம்பியபோது, இரவில் நீரைத் திறந்துவிட நேர்ந்தது. கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் சேற்றில் மூழ்கின, சிலர் உயிரிழந்தனர்.

நெருக்கமாக வளர்ந்த தேயிலைச் செடிகள் மண்ணைக் காக்கின்றன. வெறும் மண்ணாகக் கிடக்கும் காய்கறிப் பாத்திகளோ எளிதில் கரைந்துவிடுகின்றன. இது தோட்டத்தில் வாழும் நமக்குப் புதிதன்று. ரப்பர்க் கன்றுகளுக்கிடையே தரையை மூடிப் படரும் கொடிகளை நட்டு வளர்த்தவர்கள் நாம் அல்லவா? வீட்டுக் கொல்லையில் சரிவான இடம் இருந்தால், பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடுவோம். மண்ணின்மீது புல்லையும் சருகையும் பரப்புவோம். மேலே நாம் நிறுத்தி வைக்கும் மண், கீழே குடியிருப்பவர் வீட்டுக்குள் சேறாகப் புகாது.