பவளப்பார் அறுபட்ட கரைகள்: மொரீஷியஸ் தீவின் தென்புறம்

மொரீஷியஸ் தீவைப் பற்றி நம்மவர் மனத்தில் பதிந்திருக்கும் சித்திரம், பெரும்பாலும் அதன் வடக்கிலும் கிழக்கிலும் உள்ள கிராண்ட் பே, பெல் மார் முதலிய கடற்கரைகளிலிருந்து பிறந்தது. வெண்மணலும், இடுப்பளவுக்குத் தெளிந்து கிடக்கும் நீல நீரும், கரையோரம் நெடுக நிற்கும் சவுக்கு மரங்களுமாக அவை மனோகரமானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், இந்துமகா சமுத்திரத்தின் நடுவில் எரிமலை ஒன்று கக்கிய குழம்பு இறுகி மேலெழும்பிய ஒரு தீவு உண்மையில் எப்படிப்பட்டது என்பதை அறிய விரும்புகிறவன் அங்கே நின்றுவிடலாகாது. தெற்கே சுய்யாக் என்னும் சிற்றூரைச் சுற்றியுள்ள கரைக்கும், அங்கிருந்து மேற்காகத் தென்மேற்கு முனையிலுள்ள லெ மோர்ன் மலை வரை செல்லும் பாதைக்கும், உள்நாட்டின் சில சிகரங்களுக்கும் அவன் சென்றே ஆக வேண்டும். உல்லாசப் பிரயாணிகளின் கூட்டம் அதிகம் எட்டாத இவ்விடங்களின் அழகு வேறு வகையானது. அந்த வேற்றுமைக்குக் காரணமும் உண்டு.

காரணம் பவளப்பார். கடலடியில் பரந்து கிடக்கும் பாறைத்திட்டை ‘பார்’ என்றே நம் மன்னார் வளைகுடா மீனவர் வழங்குவர். மொரீஷியஸைச் சுற்றி ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளத்துக்கு இத்தகைய பவளப்பார் வளைந்து கிடக்கிறது. மகாசமுத்திரத்தின் அலைகள் அதன்மேல் மோதி உடைந்து, வேகம் தணிந்த நீர் மட்டுமே உட்புறம் வந்து, பாருக்கும் கரைக்கும் இடையே ஆழமற்ற கடற்கழியாகத் தேங்குகிறது. கரையில் காணும் மணலும் அந்தப் பாரின் கொடையே. தீவின் பாறையோ கறுப்பு. பசால்ட் என்னும் எரிமலைக் கருங்கல். அது மட்டும் நொறுங்கியிருந்தால் கரை முழுதும் கருமணலாகவே இருந்திருக்கும். பவளமும் சிப்பியும் யுகயுகமாகப் பொடிந்து ஒதுங்கியதனாலேயே வெண்மணல் உண்டாயிற்று. பவளத்தைக் கொறித்துத் தின்னும் மீனினங்களும் அம்மணலை உண்டாக்குவதில் பெரும்பங்கு கொள்கின்றன.

பவளத்தைக் கட்டும் சிற்றுயிர்களுக்கு வெதுவெதுப்பும் உவர்ப்பும் உள்ள நீரும், வெயில் அடிவரை ஊடுருவும் தெளிவும் இன்றியமையாதவை. ஆறுகள் நன்னீரையும் வண்டலையும் கொண்டுவந்து கொட்டும் முகத்துவாரங்களின் எதிரே அவை தழைப்பதில்லை. ஆகையால் அவ்விடங்களில் பாரில் வாயில்கள் திறந்திருக்கும். 1836-ஆம் ஆண்டு பீகிள் கப்பலில் உலகைச் சுற்றித் திரும்பும் வழியில் சார்லஸ் டார்வின் இத்தீவில் இறங்கி, போர்ட் லூயிஸ் நகருக்குப் பின்னால் 812 மீட்டர் உயர்ந்து நிற்கும் லெ பூஸ் சிகரத்தில் ஏறிப் பார்த்தார். இங்குள்ள பவளத்தையும் ஆராய்ந்தார். பின்னர் 1842-இல் வெளியிட்ட பவளப்பார்களைப் பற்றிய நூலில், கரையை ஒட்டியே வளரும் வகைக்கு மொரீஷியஸை உதாரணமாகக் கொண்டார். ஒரு தீவு மெல்ல மெல்ல அமிழும்போது கரையை ஒட்டிய பார் விலகி நின்று அரணாகிறது என்பதும், தீவு முற்றும் மூழ்கியபின் அதுவே வட்டத் திட்டாக எஞ்சுகிறது என்பதும் அவர் கண்ட கொள்கை. மொரீஷியஸ் அந்த வரிசையின் முதற்படி.

இந்தப் பார் முற்றிலும் அறுபட்டுப் போகும் இடமே சுய்யாக்கை அடுத்த கிரி-கிரி கரை. தடுப்பாரின்றி வரும் சமுத்திரம், அண்டார்டிகாவுக்கும் இதற்கும் இடையே குறுக்கிடும் பெருநிலம் எதுவும் இல்லாமையால், முழு வலிமையோடும் கரும்பாறை மேல் வந்து விழுகிறது. குன்றின் மேல் பசும்புல்வெளி. அதன் விளிம்பிலிருந்து கீழே இறங்கினால் வளைந்த மணற்கரை. அதன் இருமருங்கிலும் அலை குடைந்த பாறைக் குகைகள். வடகரையின் கழிநீரில் நிறங்களை ரசித்துப் பழகிய கண்ணுக்கு இங்கே நிறங்களைக் காட்டிலும் இயக்கமே பெரிதாகத் தோன்றும். ஓர் அலை எழுந்து, வளைந்து, பாறையில் சிதறி, நுரையாகப் பின்வாங்கும் முன்னரே அடுத்தது மேலெழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பவனுக்கு, இத்தீவின் மற்றைய கரைகளை அந்தப் பார் எத்தகைய ஆபத்திலிருந்து காத்து வருகிறது என்பது எந்த நூலைப் படிப்பதைவிடவும் தெளிவாக விளங்கிவிடும். இக்காரணம் ஒன்றைக் கொண்டே, மொரீஷியஸுக்குப் போகிறவர்கள் முதலில் காண வேண்டிய கரை கிரி-கிரி என்று நான் சொல்வேன். ஆனால் காண்பதற்கு மட்டுமே, நீராடலாகாது. கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் மிகவும் கொடியது. அங்கே நாட்டியிருக்கும் எச்சரிக்கைப் பலகைகளை அலட்சியம் செய்வது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

கிரி-கிரியிலிருந்து குன்றின் விளிம்போடு சிறிது தூரம் நடந்தால், அழும் பாறை என்று பிரெஞ்சு மொழியில் பெயர் பெற்ற முனை வரும். அலை மோதிய நீர் பாறையின் இடுக்குகள் வழியே ஓயாமல் வழிந்துகொண்டிருக்கும். அப்பாறையின் ஒரு பக்கத் தோற்றம், இவ்வூரில் வாழ்ந்த ராபர்ட் எட்வர்ட் ஹார்ட் என்னும் கவிஞரின் முகச்சாயலை ஒத்திருப்பதாக ஊரார் சொல்வார்கள். 1891 முதல் 1954 வரை வாழ்ந்த அவர், பவளக்கல்லால் கட்டிய ஒரு சிறு வீட்டில் கடலைப் பார்த்தபடி தம் இறுதிக்காலத்தைக் கழித்தார். அவ்வீடு இன்று காட்சிசாலையாகப் போற்றப்படுகிறது.

சுய்யாக்குக்குக் கிழக்கே, கரும்புத் தோட்டங்களின் நடுவே செல்லும் செம்மண் பாதைகளில் வழி விசாரித்துக்கொண்டு போனால்தான் எட்டக்கூடிய சில இடங்கள் உண்டு. குகையின் கூரை இடிந்து விழ, எஞ்சிய கற்பட்டையொன்று இரு பாறைகளையும் இணைத்து நிற்கும் இயற்கைப் பாலம் அவற்றுள் ஒன்று. பாறைத் துவாரத்தின் வழியே கடல்நீர் பீறிட்டு எழும் லெ சூஃப்ளேர் மற்றொன்று. அலையரிப்பினால் துவாரம் அகன்றுவிட்டபடியால் லெ சூஃப்ளேரின் வேகம் முன்போல் இல்லை. கடல் கொந்தளிக்கும் நாளில் மட்டுமே அதன் பெருமை தெரியும். விமான நிலையத்துக்கு அருகேயே இருந்தும் பிரயாணிகள் அதிகம் கவனியாத லா காம்பியூஸ் என்னும் நீண்ட மணற்கரையும் இப்பக்கத்தில்தான் இருக்கிறது. உலாவுவதற்கு மிக ரம்மியமானது, நீந்துவதற்கு ஏற்றதன்று.

சுய்யாக்கிலிருந்து மேற்கே திரும்பும் பாதை, ரியாம்பெல், பெல் ஓம்பிர், பே டு காப் என்ற ஊர்களின் வழியே கடலை ஒட்டியே செல்கிறது. இத்தீவில் இதனினும் அழகான சாலை வேறு இருப்பதாக நான் கருதவில்லை. ஒரு கையால் எட்டித் தொட்டுவிடலாம் போன்ற நெருக்கத்தில் நீர். மறுபக்கம் கரும்பும் குன்றும். பே டு காப் அருகே, கடலுக்குள் துருத்தி நிற்கும் கரும்பாறையைச் சுற்றிச் சாலை வளையும் இடமே மக்கோண்டே. அப்பாறையின் மேல் படிகளில் ஏறி நின்றால், ஒருபுறம் ஆற்றுமுகத்தில் அமைந்த வளைகுடாவும், மறுபுறம் பாரின் வெண்ணிற நுரைக்கோடும், அதற்கப்பால் கருநீலச் சமுத்திரமும் ஒரே பார்வைக்குள் அடங்கும். பார் எங்கே இருக்கிறது, எங்கே திறந்திருக்கிறது என்பதை நீரின் நிறத்தைக் கொண்டே அங்கிருந்து வாசித்துவிடலாம்.

கடலின் கருணையையும் கடுமையையும் ஒருங்கே கண்ட சரித்திரம் இக்கரைக்கு உண்டு. ஆஸ்திரேலியாவை முழுதும் சுற்றிக் கடல்வழிப் படம் வரைந்த மாத்யூ ஃபிளிண்டர்ஸ், 1803-ஆம் ஆண்டு டிசம்பரில் பழுதுற்ற சிறு கப்பலோடு பே டு காப்பில் ஒதுங்கினார். பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் யுத்தம் மூண்டிருந்த சமயமாகையால், பிரெஞ்சுக் கவர்னர் அவரை 1810 வரை இத்தீவிலேயே தடுத்து வைத்திருந்தார். டிரெவெஸ்ஸா என்னும் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் 1923 ஜூன் 4-ஆம் தேதி இந்துமகா சமுத்திரத்தில் மூழ்கியபோது உயிர்ப்படகுகளில் ஏறித் தப்பியவர்களுள் ஒரு பகுதியார், பசியையும் தாகத்தையும் தாங்கிக்கொண்டு, ஜூன் 29-ஆம் தேதி பெல் ஓம்பிர் கரையை வந்தடைந்தனர். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் சாலையோரத்தில் நினைவுச் சின்னங்கள் உண்டு. வண்டியை நிறுத்திப் படிக்கிறவர்கள் சிலரே.

பாதையின் முடிவில், 556 மீட்டர் உயரமுள்ள லெ மோர்ன், கடலிலிருந்து நேராகக் கிளம்பிய கற்கோட்டையாகக் காட்சியளிக்கிறது. எஜமானர்களின் கொடுமைக்கு ஆற்றாமல் தோட்டங்களிலிருந்து தப்பியோடிய அடிமைகள், பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இதன் குகைகளிலும் உச்சியிலும் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1835-இல் அடிமைமுறை ஒழிந்த செய்தியைச் சொல்ல வந்த வீரர்களைக் கண்டு, தம்மைப் பிடிக்கவே வருகிறார்கள் என்று அஞ்சி, பலர் உச்சியிலிருந்து குதித்து மாய்ந்தனர் என்பது தீவு மக்கள் வாய்மொழியாகப் போற்றிவரும் வரலாறு. 2008-இல் யுனெஸ்கோ இம்மலையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றதும் இந்த நினைவின் பொருட்டே. மலையடிவாரத்தில், உல்லாச விடுதிகளுக்குத் தெற்கே, லா பிரேரி என்னும் அமைதியான கரை இருக்கிறது. மலையின் முழுவுருவையும் காண அதுவே தகுந்த இடம். இங்கே கடலுக்கடியில் பெரிய நீர்வீழ்ச்சி ஒன்று இருப்பதாகப் படங்களில் காண்பது கண்மயக்கமே. கழியின் விளிம்பிலிருந்து ஆழத்துக்குச் சரியும் மணலும் வண்டலும், ஆகாயத்திலிருந்து நோக்கும்போது, விழும் அருவி போலத் தோற்றம் தருகின்றன.

உயரத்திலிருந்து தீவைக் காண விரும்புகிறவர்களுக்குத் தென்மேற்கு மேட்டுநிலத்தில் 1994-இல் அமைக்கப்பட்ட பிளாக் ரிவர் தேசிய வனத்தின் காட்சிமுனைகள் உகந்தவை. வனம் மூடிய பள்ளத்தாக்கு கடல் வரை இறங்கிச் செல்வதை அங்கிருந்து காணலாம். டார்வின் ஏறிய லெ பூஸையே நான் அவற்றினும் மேலாகச் சொல்வேன். அங்கிருந்து தலைநகரும் துறைமுகமும் வடசமவெளியும் தெரிவதோடு, கரும்புத் தோட்டங்களின் நடுவே ஆங்காங்கே கரிய கற்குவியல்களும் தெரியும். எரிமலைக் கற்கள் நிறைந்த நிலத்தைக் கரும்புக்குப் பண்படுத்த, முதலில் அடிமைகளும் பிறகு ஒப்பந்தக் கூலிகளும் அள்ளிக் குவித்தவை அவை. 1834 முதல் ஏறத்தாழ 5 லட்சம் இந்தியத் தொழிலாளர் போர்ட் லூயிஸ் துறையில் வந்து இறங்கினர். சென்னையிலிருந்து கப்பலேறியவர்களும் அவர்களுள் உண்டு. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, லா பூர்தொன்னே கவர்னராக இருந்த காலத்தில், புதுச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர்கள் அந்நகரைக் கட்ட அழைத்துச் செல்லப்பட்டனர். இன்று அந்நாட்டு நாணய நோட்டுகளில் தமிழ் எழுத்துக் காண்பதும், தைப்பூசக் காவடி பொது விடுமுறையாக இருப்பதும் இந்தத் தொடர்பின் பலன்கள். மலைமேலிருந்து பார்க்கும் தமிழர் அந்தக் கற்குவியல்களை வெறும் காட்சியாக எண்ணிக் கடந்துவிடலாகாது.

பவளப்பார் என்றும் நிலைத்திருக்கும் என்று எவரும் நம்பிவிட வேண்டாம். முற்காலத்தில் பவளத்தை வெட்டியெடுத்துக் காளவாய்களில் நீற்றிச் சுண்ணாம்பாக்கினார்கள். பாழடைந்த காளவாய்கள் சில கரைகளில் இன்றும் நிற்கின்றன. கழியிலிருந்து மணல் அள்ளுவது 2001-இல்தான் தடை செய்யப்பட்டது. 2020 ஜூலை 25-ஆம் தேதி, தென்கிழக்கே புவான் தெஸ்னிக்கு அருகே வகாஷியோ என்னும் பெருங்கப்பல் பாரின்மேல் ஏறி, பின்னர் பிளந்து, ஏறத்தாழ 1,000 டன் எண்ணெய் கழியில் கலந்தது. அப்போது அத்தீவின் மக்கள், பள்ளிப் பிள்ளைகள் முதல் முதியோர் வரை, கரும்புச் சோகையைத் துணிப்பைகளில் அடைத்துத் தைத்து, தலைமயிரைக்கூடக் கத்தரித்துக் கொடுத்து, எண்ணெயைத் தடுக்கும் மிதவைகளைத் தாமே செய்து நீரில் இறக்கினார்கள். ஒரு சிறு நாட்டு மக்கள் தங்கள் கரையின்மீது கொண்டுள்ள அன்புக்கு இதைவிட உறுதியான சாட்சியம் வேண்டியதில்லை.

கடற்கரை யாருக்குச் சொந்தம் என்பதையும் பிரயாணி தெரிந்துகொள்ள வேண்டும். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்திலிருந்து வரும் சட்டப்படி, கரையோரமாக 81 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலமுள்ள நிலப்பட்டை அரசின் உடைமை. விடுதிகள் அதைக் குத்தகைக்கே எடுக்கின்றன. அதற்குக் கீழே, அலை ஏறி இறங்கும் மணற்பரப்பு பொதுமக்களுடையது. எந்த விடுதியின் முன்னாலும் மணலில் நடந்து செல்ல எவருக்கும் உரிமை உண்டு. ரியாம்பெல்லுக்கு அருகிலுள்ள பொம்பொனெத் பொதுக்கரையை விடுதிக்கென ஒதுக்க முற்பட்டபோது உள்ளூரார் திரண்டு எதிர்த்ததும் இந்த உரிமைக்காகவே. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாகச் சவுக்கு நிழலில் சமைத்துண்டு பாடிக் களிப்பவர்களுக்கு அக்கரைகள் வேடிக்கை ஸ்தலங்கள் அல்ல, வாழ்வின் ஒரு பகுதி. அவர்களிடையே செல்லும் வெளியார் அந்த மரியாதையோடு செல்வது முறை.

மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்கு வியாபாரக் காற்று வலுத்து வீசும். அப்போது கிரி-கிரியின் அலைகள் உச்சத்தை அடையும், வெயிலும் மிதமாயிருக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெப்பமும் மழையும் சில வேளைகளில் புயலும் உண்டு. சுய்யாக் வரை பேருந்துகள் செல்கின்றன. காலையில் கிரி-கிரியைப் பார்த்துவிட்டு மேற்கு நோக்கிக் கரையோரமாகவே சென்றால், சூரியன் சாயும் வேளைக்கு மக்கோண்டேயை அடையலாம்.