கல்வரி வகை நீர்மூழ்கிக் கப்பல்கள்

கல்வரி வகை நீர்மூழ்கிக் கப்பல்கள் இந்தியக் கடற்படையின் டீசல்-மின்சார நீர்மூழ்கிகள் ஆகும். பிரான்சின் ஸ்கார்ப்பீன் வடிவமைப்பைக் கொண்டு, மும்பை மசகான் கப்பல் கட்டும் தளத்தில் இவ்வகையில் ஆறு கப்பல்கள் கட்டப்பட்டன. இத்திட்டம் 'திட்டம் 75' என அழைக்கப்படுகிறது.

பெயர்

கல்வரி என்பது ஆழ்கடலில் வாழும் ஒரு சுறாவின் மலையாளப் பெயர். இந்தியாவின் முதல் நீர்மூழ்கியும் இதே பெயரைக் கொண்டிருந்தது. சோவியத் ஒன்றியத்திலிருந்து வாங்கப்பட்ட அக்கப்பல் 1967 டிசம்பர் 8 அன்று பணியில் சேர்ந்து, 1996-இல் ஓய்வு பெற்றது. புதிய ஆறு கப்பல்களுக்கும் பழைய சோவியத் நீர்மூழ்கிகளின் பெயர்களே மீண்டும் சூட்டப்பட்டுள்ளன.

கூட்டுத் தயாரிப்பு

ஸ்கார்ப்பீன் வகையைப் பிரான்சும் ஸ்பெயினும் சேர்ந்து உருவாக்கின. சிலி நாட்டுக்கான கப்பல்களின் முன்பகுதிகள் பிரான்சின் செர்பூர்க்கிலும் பின்பகுதிகள் ஸ்பெயினின் கார்த்தகேனாவிலும் கட்டப்பட்டு, பின்னர் இணைக்கப்பட்டன. மலேசியா, பிரேசில் ஆகிய நாடுகளும் இவ்வகையைத் தேர்ந்தெடுத்தன.

இந்தியா 2005 அக்டோபரில் ஒப்பந்தம் செய்தது. ஆறு கப்பல்களையும் இந்தியாவிலேயே கட்டி, தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொள்வது இதன் முக்கிய நோக்கம். முதல் கப்பல் 2012-இல் கிடைக்கும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் ஐந்தாண்டு தாமதமாகவே அது பணியில் சேர்ந்தது.

பணியில் சேர்ந்த நாட்கள்

- ஐஎன்எஸ் கல்வரி – 14 டிசம்பர் 2017
- ஐஎன்எஸ் காந்தேரி – 28 செப்டம்பர் 2019
- ஐஎன்எஸ் கரஞ்ச் – 10 மார்ச் 2021
- ஐஎன்எஸ் வேலா – 25 நவம்பர் 2021
- ஐஎன்எஸ் வாகீர் – 23 சனவரி 2023
- ஐஎன்எஸ் வாக்சீர் – 15 சனவரி 2025

அமைப்பும் இயக்கமும்

கப்பலின் நீளம் 67.5 மீட்டர். ஆறு ஏவுகுழல்கள் வழியாக நீர்மூழ்கிக் குண்டுகளையும் எக்சோசெட் ஏவுகணைகளையும் செலுத்த முடியும்.

நீருக்கடியில் கப்பலை ஓட்டுவது மின்மோட்டார். அதற்கான மின்சாரம் 360 மின்கலங்களிலிருந்து வருகிறது. ஒவ்வொன்றும் சுமார் 750 கிலோ எடை கொண்டது. மோட்டாரின் ஓசை மிகக் குறைவு என்பதால் எதிரியின் ஒலியுணர் கருவிகளுக்குக் கப்பல் எளிதில் அகப்படாது. மின்னேற்றம் குறைந்ததும் டீசல் எந்திரங்களை இயக்க வேண்டும். அவற்றுக்குக் காற்று தேவை. ஆகவே கப்பல் மேற்பரப்புக்கு அருகே வந்து காற்றுக் குழாயை நீருக்கு வெளியே நீட்டுகிறது. அந்த நேரத்தில் எந்திர ஓசையும் வெளியே தெரியும் குழாயும் கப்பலைக் காட்டிக்கொடுக்கக்கூடும். டீசல்-மின்சார நீர்மூழ்கிகளின் முக்கியப் பலவீனம் இதுவே.

தகவல் தொடர்பு

சாதாரண வானொலி அலைகள் கடல்நீரில் ஊடுருவுவதில்லை. மிகத் தாழ் அதிர்வெண் அலைகள் மட்டும் சில மீட்டர்கள் ஆழம் வரை இறங்கும். மூழ்கியிருக்கும் கப்பல்களுக்கு இவ்வலைகள் வழியாகச் செய்தி அனுப்பும் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம், மதுரைக்குத் தெற்கே திருநெல்வேலி மாவட்டத்தின் விஜயநாராயணத்தில் உள்ளது. 1990-இல் தொடங்கப்பட்ட இந்நிலையத்துக்குப் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மனின் பெயர் இடப்பட்டது. இந்த அலைநீளத்துக்கு மிக உயரமான கோபுரங்களும் பரந்த நிலப்பரப்பும் வேண்டும். அவற்றைக் கப்பலில் அமைக்க இயலாது. எனவே கப்பல் இவ்வலைகளில் செய்தியைப் பெற முடியுமே தவிர, பதில் அனுப்ப முடியாது.

சிக்கல்கள்

2016 ஆகஸ்டில் இக்கப்பல்கள் தொடர்பான 22,000-க்கும் மேற்பட்ட பக்கங்கள் கசிந்ததாக ஆஸ்திரேலிய நாளிதழ் ஒன்று வெளியிட்டது. அதே காலத்தில், இவற்றுக்காகத் தேர்வு செய்யப்பட்ட இத்தாலிய நீர்மூழ்கிக் குண்டுகளின் கொள்முதல் கைவிடப்பட்டது. இதனால் கப்பல்கள் பழைய ஜெர்மன் குண்டுகளுடன் பணியைத் தொடங்க நேர்ந்தது.

வெளிக்காற்று இல்லாமலே மின்சாரம் உண்டாக்கும் அமைப்பும் தொடக்கத்தில் இவற்றில் இல்லை. எரிபொருள் கலங்களால் இயங்கும் அத்தகைய அமைப்பை இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி, மேம்பாட்டு அமைப்பு உருவாக்கியுள்ளது. அதைப் பொருத்துவதற்கான கப்பற்பகுதியைக் கட்ட மசகான் தளத்துடனும், புதிய குண்டுகளை இணைக்கப் பிரான்சின் நேவல் குரூப் நிறுவனத்துடனும் 2024 டிசம்பர் 30 அன்று ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. இந்த அமைப்பு பொருத்தப்பட்டால், கப்பல் காற்றுக்காக மேலே வர வேண்டிய தேவை பெருமளவு குறையும்.