"தலை சுத்தல, மாத்திரை எதுக்கு?"

போகிற தோட்டமெல்லாம் இதையே கேட்கிறோம்: "தலை சுத்தல, நெஞ்சு வலிக்கல. பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டேன் அண்ணே!"

தோழர்களே, இதயம் நம் கைமுட்டி அளவுதான். நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் தடவை அடித்து, உடம்பிலுள்ள ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தைச் சுற்றி அனுப்புகிறது. அதற்குப் பெரட்டும் இல்லை, ஓய்வு நாளும் இல்லை. ரத்தக் குழாய் ரப்பர் போல விரிந்து கொடுக்கணும். அழுத்தம் 140/90-க்கு மேலேயே நின்றால் குழாய் தடித்து விறைக்கும். வலியே தெரியாது. மூளையில் குழாய் அடைத்து, கைகால் விழுந்த பிறகு தெரிந்து என்ன பயன்?

அளவு இறங்கி நிற்பதே மாத்திரையால்தானே, ஐயா!

கிளினிக் நாளில் அட்டையோடு போங்கள். மண்டோர் விடமாட்டேன் என்றால் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். அதை நாங்கள் பேசிக்கொள்கிறோம்.