உப்பளத்துப் பழைய எண்ணெய் இயந்திரம்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் முத்தையாபுரத்தையும் முள்ளக்காட்டையும் கடந்து செல்வோர், கண்ணுக்கெட்டிய தூரம் வெண்ணிறப் பாத்திகளாக விரிந்து கிடக்கும் உப்பளங்களைக் கண்டிருப்பர். உப்பு விளைவிக்கும் மாநிலங்களுள் குஜராத்திற்கு அடுத்த நிலையில் தமிழ்நாடு விளங்குவதற்கு இக்கடற்கரையே பெரிதும் காரணம். கதிரவன் உப்பை விளைவிக்கிறான் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால், கிணற்றிலும் ஆழ்குழாயிலும் கிடக்கும் உவர்நீரை மேலேற்றிப் பாத்திக்கு ஊட்டுவது கதிரவன் அன்று. கடல்நீரின் அடர்த்தி, போமே அளவையில், ஏறத்தாழ 3 பாகை. அது வெயிலில் வற்றி 25 பாகையை எட்டும்போதுதான் உப்பு மணி கட்டத் தொடங்கும். அதற்குள் நீரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு ஆவியாகிப் போய்விடுகிறது. போய் ஒழிவதற்காகவே இவ்வளவு நீரையும் இறைத்தாக வேண்டும் என்பது இத்தொழிலின் வேடிக்கை.

அந்த இறைப்பு வேலையைப் பல்லாண்டுக் காலம் செய்து வந்தவை எண்ணெய் இயந்திரங்களே. மின்சார மோட்டார்கள் பரவிய பின்னர் அவற்றுள் பல ஓரங்கட்டப்பட்டுத் துருவேறிக் கிடந்தன. அவ்வாறு கிடந்த ஒன்றை வாங்கி, செப்பனிட்டு, என் வீட்டுத் தோட்டத்துக் கிணற்றில் நீர் இறைக்கப் பயன்படுத்தி வருகிறேன். தோட்டத்தின் அம்மூலைக்கு மின்கம்பி எட்டவில்லை என்பது ஒரு காரணம். நாற்பது ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்து காட்டிய ஒன்றைக் கையால் கழற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மற்றொரு காரணம். உண்மையில் அதுவே பெரிய காரணம்.

இங்கிலாந்தில் டர்ஸ்லி என்னும் சிற்றூரில் இருந்த லிஸ்டர் தொழிலகம் 1930-ஆம் ஆண்டளவில் நிதானமாகச் சுழலும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் இயந்திரம் ஒன்றை உருவாக்கியது. அதன் பிற்கால வகை நிமிடத்திற்கு 650 சுற்றுச் சுற்றி 6 குதிரைத்திறன் தரும். குஜராத்தின் ராஜ்கோட் நகரத்துப் பட்டறைகள் அவ்வமைப்பைப் பின்பற்றி ஏராளமாக வார்த்து, நாடெங்கும் அனுப்பின. நான் வாங்கியதும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. இருபுறமும் இரண்டு கனத்த சக்கரங்கள். முழு எடை 300 கிலோகிராமுக்கு மேல். நான்கு வீச்சுகளில் ஒன்றே ஆற்றல் தரும் வீச்சு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். எஞ்சிய மூன்று வீச்சுகளுக்கும் ஆற்றலைச் சேமித்துக் கொடுப்பவை அச்சக்கரங்களே. 650 சுற்றுக்கு 325 வெடிப்பு. அதாவது நொடிக்கு ஐந்துக்குச் சற்று மேல். தொலைவிலிருந்து நாம் கேட்கும் 'டக் டக்' ஓசையின் கணக்கு இதுதான்.

பழைய இயந்திரத்தை வாங்கப் புகுமுன் அதன் உயிர்நிலை எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இயந்திரத்திற்குத் தீப்பொறி தேவைப்படவில்லை. காற்றைத் திடுமென நெருக்கினால் அது சூடேறும்; சைக்கிள் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்தவர்கள் இதனை அறிவர். காற்றை ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்காக நெருக்கும்போது அதன் வெப்பம் 500 பாகை செல்சியசுக்கு மேல் உயர்கிறது. அந்த வேளையில் எண்ணெயைத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். காற்றுக் கசிந்தால் நெருக்கம் இல்லை. நெருக்கம் இல்லையேல் வெப்பமும் இல்லை. வெப்பம் இல்லையேல் அது வெறும் இரும்புக் குவியல். என்னுடன் வந்த மெக்கானிக் இதனை ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட்டார்: "கம்ப்ரஷன் இருந்தால் போதும் ஐயா, மற்றதெல்லாம் கைவேலை."

அதைச் சோதிப்பதற்குக் கருவி ஏதும் வேண்டா. கையும் காதும் போதும். சக்கரத்தை மெல்லச் சுழற்றி நெருக்கும் வீச்சுக்குக் கொண்டுவந்தால், நல்ல இயந்திரம் பந்தைப்போல் பின்னே எதிர்த்துத் தள்ளும். நாங்கள் பார்த்த இயந்திரமோ சிறிது எதிர்த்துவிட்டுப் பின் தளர்ந்தது. உள்ளே எங்கோ சீறும் ஒலி கேட்டது. அவ்வொலி எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி. காற்று உட்புகும் குழாயில் கேட்டால் உள்வால்வில் பழுது; புகைபோக்கியில் கேட்டால் வெளிவால்வில் பழுது; கீழே எண்ணெய்த் தொட்டியின் பக்கம் கேட்டால் பிஸ்டன் வளையங்களோ லைனரோ தேய்ந்துவிட்டன என்று பொருள். எங்களுக்குப் புகைபோக்கியில் ஒலி பலமாகவும், கீழே மெலிதாகவும் கேட்டது. இரண்டும் திருத்தக்கூடிய பழுதுகளே. ஆகவே எடைக்கு விலை பேசி முடித்தோம்.

இயந்திரத்தை வாங்கிய நான், அதனோடு பிணைத்திருந்த பம்பை வாங்க மறுத்துவிட்டேன். காரணம் சுவையானது. வார்ப்பிரும்பில் இரும்போடு கரியும் கலந்திருக்கிறது. நெடுநாள் உப்புநீரில் கிடந்தால் இரும்பு கரைந்து வெளியேற, கரி மட்டும் பழைய வடிவத்திலேயே நின்றுவிடும். பார்வைக்கு ஒரு குறையும் தோன்றாது. பேனாக்கத்தியால் கீறினால் பென்சிலைச் சீவுவதுபோல் சீவலாம். அந்தப் பம்பின் உட்புறத்தில் கத்தி இறங்கியது. இயந்திரத்தின் நீர்க்கூட்டையும் அவ்வாறே கீறிப் பார்த்தோம். அது உறுதியாக இருந்தது. குளிர்விப்பதற்கேனும் நல்ல நீரை விட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

செப்பனிடும் வேலை மூன்று வாரம் நடந்தது. லைனருக்குள் வளையத்தை மட்டும் தனியே வைத்து, அதன் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள வெளியைத் தகட்டு அளவியால் அளந்தோம். விட்டத்தில் ஓர் அங்குலத்திற்கு, அங்குலத்தின் ஆயிரத்தில் 3 அல்லது 4 பங்கு வெளி இருக்கலாம் என்பது பட்டறைக் கணக்கு. நாலரை அங்குல லைனருக்கு 18-க்கு மேற்படலாகாது. எங்களுக்கு அதனைப்போல் இருமடங்குக்கு மேல் இருந்தது. எனவே லைனரும் வளையங்களும் புதியன. வெளிவால்வை அரைபசை தடவி அதன் இருக்கையில் வைத்துக் கையால் உருட்டி உருட்டித் தேய்த்தோம். சாம்பல் நிறத்தில் ஒரே சீரான வளையம் தோன்றியதும், வால்வின் பின்புறம் மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டுத் தேநீர் அருந்தப் போனோம். திரும்பி வந்தபோது ஒரு சொட்டும் கசிந்திருக்கவில்லை. எண்ணெய் தூவும் நாசிலைப் பரிசோதனைப் பம்புள்ள கடைக்கு அனுப்பினோம். அதனை வீட்டில் சோதிப்பது தகாது.

இங்கே சில எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். நாசிலிலிருந்து எண்ணெய் நூறு வளிமண்டலத்திற்கு மேற்பட்ட அழுத்தத்தில் பாய்கிறது. கையை எதிரே காட்டினால் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். காயம் ஊசிமுனை அளவே தோன்றும், கையையே இழக்க நேரிடும். கைப்பிடியால் சுற்றிக் கிளப்பும்போது கட்டைவிரலைப் பிடியின் மறுபுறம் வளைத்துப் பிடிக்கலாகாது; மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும். இயந்திரம் பின்னடித்தால் பிடி கையை விட்டு நழுவும், எலும்பு தப்பும். எல்லாவற்றினும் கொடியது மூன்றாவது. நீர்மட்டம் தாழ்ந்துவிட்டது என்று இயந்திரத்தையே கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவோர் உண்டு. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமும் நிறமும் அற்றது. மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் ஒருவர் பின் ஒருவராக மாண்ட செய்திகளை நாளிதழ்களில் நாம் படிக்கிறோம். வளிமண்டல அழுத்தம் நீரை 10.3 மீட்டருக்கு மேல் உயர்த்தாது. நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டர்தான் உறிஞ்ச முடியும். அதற்கும் கீழே நீர் இருந்தால் வேறு வகைப் பம்பைத் தேட வேண்டுமேயன்றி, இயந்திரத்தைக் கீழே இறக்கலாகாது. என் கிணற்றில் நீர் 5 மீட்டரில் இருப்பதால் இயந்திரம் மேலே வேப்பமர நிழலில் நிற்கிறது.

இயந்திரம் ஓடிவிட்டது, வேலை முடிந்ததா? இல்லை. உப்பளத்திற்கு உவர்நீரே செல்வம். எவ்வளவு இறைத்தாலும் இலாபம். என் கிணறோ கடற்கரைக் கிணறு. இத்தகைய நிலத்தில் மழைநீர், கடல்நீரின்மேல் எண்ணெய்போல் மிதந்து நிற்கிறது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரினும் நாற்பதில் ஒரு பங்கு மிகுதி. ஆகவே கடல்மட்டத்திற்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தின் பாடன் கைபனும், 1901-இல் ஜெர்மனியின் ஹெர்ட்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்ட உண்மை இது. இதைத் திருப்பிப் பாருங்கள்: மேலே ஓர் அடி குறைந்து அப்படியே நின்றால், கீழேயிருந்து உவர்நீர் 40 அடி ஏறிவர முற்படும். ஒரே நாளில் ஏறிவிடாது. ஆனால் ஏறியதை இறக்கப் பல மழைக்காலம் வேண்டும்.

ஆகையால் சிறிய பம்பு ஒன்றைப் பொருத்தி, கப்பியை மாற்றி, நீர் வரத்தைக் குறைத்தேன். மெக்கானிக்கிற்கு இதில் மனக்குறைதான். "யானையைக் கட்டித் தயிர் கடைகிறீர்கள்" என்றார். நான் இறைக்கத் தொடங்கும்போது ஒரு கண்ணாடிக் குவளையிலும், நிறுத்துமுன் மற்றொன்றிலும் நீர் எடுத்து, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைச் சில சொட்டு விட்டுப் பார்க்கிறேன். உப்பு மிகுந்தால் வெண்கலங்கல் மிகும். இரண்டாவது குவளை தயிர்போல் திரிந்தால் நேரத்தைக் குறைத்துவிடுவேன். இப்போது காலையில் 30 நிமிடம், மாலையில் 20 நிமிடம். இடையில் கிணறு ஊறிக்கொள்கிறது. தென்னை சிறிது உவர்நீரைப் பொறுக்கும், வாழை பொறாது. எனவே இறைப்பின் முதல் நீர் வாழைக்கும், கடைசி நீர் தென்னைக்கும் செல்லுமாறு வாய்க்காலை வகுத்திருக்கிறேன்.