பாரம் சுமக்கும் கலை – 11: கொக்கி ஏற்கும் கவசமும் ஏற்காத கவசமும்

கொழும்புத் துறைமுகத்திலிருந்து கொள்கலன்களை ஏற்றிக்கொண்டு இங்குருக்கடைச் சந்தியை நோக்கி இரவும் பகலும் செல்லும் லொறிகளைப் பற்றிச் சென்ற வாரம் எழுதினேன். அவற்றைவிடச் சிறியதாயிருந்தும் ஏற்றுவதற்கு அரிதாகிய ஒருவகைப் பாரத்தை இந்த வாரம் ஆராய்வோம். இராணுவச் சேவையிலிருந்து ஓய்வுபெற்ற கவச வாகனமே அது.

கொட்டாஞ்சேனையைக் கடந்து வடக்கே முகத்துவாரத்துக்குச் சென்றால், இலங்கைக் கவசப் படையின் இல்லமாகிய ரொக் ஹவுஸ் முகாம் அங்கே இருக்கிறது. பிற்காலத்தில் இராணுவத் தளபதியாக விளங்கிய செபால ஆட்டிகலவின் தலைமையில் 1955ஆம் ஆண்டில் சிறு வேவுப் பிரிவாகத் தோன்றிய அப்படைக்கு, டெய்ம்லர், ஃபெரெட், சலாடின், சரசென் முதலிய பிரித்தானியச் சில்லு வாகனங்களே நெடுங்காலம் கருவிகளாயிருந்தன. அவற்றுள் ஃபெரெட்டும் சலாடினும் சரசெனும் கொவென்ட்ரி நகரத்துத் தொழிற்சாலைகளில் பிறந்தவை. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இத்தகைய வாகனங்களின் தோற்றம் அச்சத்தோடு சேர்ந்தே மனத்தில் பதிந்திருக்கிறது. அதை மறைக்கவோ மறக்கவோ நான் யாரையும் கேட்கவில்லை. ஆனால் அவற்றின் போர்த்தொழில் முடிந்தபின் எஞ்சுவது இரும்பும் யந்திர நுட்பமுமே ஆதலால், அந்த நுட்பத்தை அறிந்துகொள்வதில் நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை.

சில்லுகள் உள்ள வண்டியை ஏன் லொறியில் ஏற்ற வேண்டும், கயிறு கட்டி இழுத்துச் சென்றால் ஆகாதா என்ற வினா இயல்பாகவே எழும். சலாடினுக்கும் சரசெனுக்கும் பக்கத்துக்கு மூன்றாக ஆறு சில்லுகள் உண்டு. ஒரு பக்கத்து மூன்றும் ஒரே தண்டினால் பற்சக்கரங்களின் வழியே பிணைக்கப்பட்டு, எப்போதும் ஒரே வேகத்தில் சுழலும்படி அமைந்தவை. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் இடையே வேக வேற்றுமையைச் சமன்செய்யும் பல்லிணைப்பு ஒன்று இருக்கிறதே தவிர, முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையே அவ்வித ஏற்பாடு எதுவுமில்லை. சேற்றிலும் மணலிலும் சில்லு சற்றே வழுக்கித் தன் முறுக்கைத் தானே தளர்த்திக்கொள்ளும் என்பதால், போர்க்களத்துக்கு அது சிறந்த அமைப்பு. தார் வீதியிலோ, ஒரு டயர் மற்றொன்றைவிடச் சிறிதளவு தேய்ந்திருந்தாலும், காற்றுக் குறைந்திருந்தாலும், ஒவ்வொரு சில்லும் வெவ்வேறு வேகத்தில் சுழல முனைய, வழுக்குவதற்கு இடமின்றி அந்த முரண்பாடு முழுவதும் முறுக்காகத் தண்டுகளிலும் பற்சக்கரப் பெட்டிகளிலும் சேர்ந்துகொண்டே போகும். பழகிய சாரதிகள் இடையிடையே வீதியோரத்து மண்ணில் இறக்கியோ, நடைபாதை விளிம்பில் ஏற்றி இறக்கியோ அம்முறுக்கை விடுவிப்பார்கள். பல ஆண்டுகள் அசையாமல் நின்று, டயர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சிதைந்த ஒரு வாகனத்தை காலி வீதி நெடுகிலும் இழுத்துச் சென்றால், அதன் உள்ளுறுப்புகளில் எது முதலில் உடையும் என்பதே கேள்வியாகும். ஆகவே தூக்கிச் சுமப்பதே முறை.

இந்த வேலைக்கு மேல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் பலர் கொக்கி லொறியை நாடுகிறார்கள். கழிவுப் பெட்டிகளையும் கட்டட இடிபாடுகளையும் அள்ளிச் செல்லும் அதே லொறிதான். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வலிய கை ஒன்று பின்னோக்கி வளைந்து, நிலத்தில் கிடக்கும் இரும்புத் தட்டின் முன்புறத்திலுள்ள வளையத்தைக் கொக்கியால் பற்றித் தூக்க, தட்டு சரிந்தபடி பின் உருளைகளின்மேல் வழுக்கி லொறியின் முதுகில் வந்து அமர்கிறது. ஐரோப்பிய வழக்கில் அக்கொக்கியின் உயரம் 1,570 மில்லிமீற்றர். பாரந்தூக்கியும் தேவையில்லை, வேறு ஆட்களும் தேவையில்லை. ஜெர்மனியில் நின்ற தன் பீரங்கிகளுக்கு வெடிபொருள்களை விரைந்து ஊட்டும் நோக்கத்தோடு பிரித்தானிய இராணுவம் வகுத்த டுரொப்ஸ் என்னும் ஏற்பாடு இந்த முறையைச் சார்ந்ததே. லேலண்ட் டாஃப் நிறுவனத்தின் எட்டுச் சில்லு லொறிகள் அதில் 15 தொன் வரை சுமந்தன. பின்னர் அந்த லொறிகளும் ஓய்வுபெற்றுத் தனியார் கைக்கு வந்தன. ஓய்வுபெற்ற கவச வாகனத்தை ஓய்வுபெற்ற இராணுவ லொறியே சுமப்பது அங்கே இன்று சாதாரணக் காட்சி.

ஆனால் கணக்கு இரக்கமில்லாதது. நான்கு அச்சுகளுள்ள லொறி ஒன்று பாரத்தோடு சேர்த்து 32 தொன்னைத் தாண்டலாகாது என்பது பிரித்தானியச் சட்டம். அதில் ஏறத்தாழப் பாதியை லொறியும் கொக்கிக் கையும் இரும்புத் தட்டும் தாமே விழுங்கிவிடும். நான்கு தொன்னை ஒட்டிய ஃபெரெட்டும், ஏறக்குறைய பதினொன்றரைத் தொன் சலாடினும் எஞ்சிய இடத்துக்குள் அடங்கும். 1990களின் தொடக்கத்தில் நம் நாட்டுக்கு வந்த டி-55 யுத்த தாங்கியோ தனியாகவே 36 தொன். முழு லொறிக்கும் அனுமதித்த நிறையைவிட அது பெரிது. சென்னையை அடுத்த ஆவடியில் செய்யப்படும் அர்ஜுன் 58 தொன்னுக்கும் மேல். இவற்றைத் தாழ்ந்த மேடையும் பல அச்சுகளும் கொண்ட லோ-பெட் ட்ரெயிலரில்தான் ஏற்ற வேண்டும். கொக்கி நல்லதுதானே என்று பேராசைப்படுவது, லொறியின் முன்சில்லுகள் வானத்தை நோக்கி எழும்பும் காட்சியில் முடியும்.

நிறை அடங்கினாலும் போதாது. தட்டு ஏறும்போது சரிந்து ஏறுகிறபடியால், மேலிருக்கும் வாகனத்தைத் தரையில் வைத்தே நான்கு மூலைகளிலும் சங்கிலியால் இறுகப் பிணைக்க வேண்டும். எரிபொருளையும் பற்றறியையும் முன்னரே அகற்றிவிட வேண்டும். தூக்கியபின் சங்கிலியைச் சரிபார்ப்போம் என்பவனை அந்த வேலையில் வைத்திருக்கலாகாது. 2.39 மீற்றர் உயரமான சலாடின் லொறியின் முதுகில் ஏறினால் மொத்தம் நான்கு மீற்றரை நெருங்கும். ஜம்பட்டா வீதி போன்ற குறுகிய தெருக்களில் குறுக்கே தொங்கும் கம்பிகளை எண்ணிப் பாருங்கள். 2.54 மீற்றர் அகலமும் அத்தெருக்களுக்கு எளிதன்று.

இந்நாட்டில் பழைய வாகனங்களைப் பொறுப்பில் வைத்திருப்போரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பழைய இரும்பு விலைக்கு வெட்டி விற்கும் முன், ஒவ்வொரு வகையிலும் ஒன்றையாவது கூரையின் கீழ் நிறுத்தி வையுங்கள்; அதனைக் கொண்டுசெல்லும் நாளில் நிறையை எடைமேடையில் அளந்து சாரதியின் கையில் எழுதிக் கொடுங்கள்.

(தொடரும்)