நீந்துபவரை அடியிலிருந்து படமெடுக்க ஏன் இரண்டு எக்ஸ்போஷர்?

நீச்சல் குளத்தின் அடியில் கேமராவை வைத்து, மேலே நீந்துபவரைப் படமெடுத்துப் பாருங்கள். வானம் வெளிச்ச வட்டமாக விழும்; ஆள் வெறும் கருநிழல்தான். ஏன் அப்படி?

ஒளிவிலகல்தான் காரணம். நீரின் ஒளிவிலகல் எண் 1.33, மாறுநிலைக் கோணம் சுமார் 48.6 பாகை. ஆகவே மேலிருக்கும் முழு வானமும் ஏறத்தாழ 97 பாகைக் கூம்புக்குள் அடங்கிவிடுகிறது. இதை ஸ்னெல் சாளரம் என்பர். வட்டத்துக்கு வெளியே முழு அக எதிரொளிப்பு. அங்கே நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் குளத்தின் தரையைக் காட்டும்.

வானத்துக்கு அளவு வைத்தால் உடல் இருண்டுபோகும். உடலுக்கு வைத்தால் வானம் வெளுத்துப்போகும். சரி, என்ன செய்யலாம்?

கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்துங்கள். ஆள் வருமுன் ஐஎஸ்ஓ 100இல் வானத்தை எடுங்கள். ஆள் வந்ததும் ஐஎஸ்ஓ 800. படம் 8 மடங்கு வெளிச்சமாகப் பதிவாகும். ஷட்டரை மெதுவாக்க வேண்டாம், கைகால் கலங்கிவிடும். பிறகு கணினியில் உடலை மட்டும் வெட்டி முதல் படத்தின்மேல் வையுங்கள். ஆள் நீந்தும்போதே இரண்டையும் எடுத்துக் கலந்தால் நான்கு கைகள் தெரியும்!

தண்ணீருக்குள் தனியாக இறங்காதீர்கள். கரையில் ஒருவர் கவனிக்கட்டும்.

ஆசிரியர்களே, இடுபணியில் இப்படம் வந்தால் ‘இரு படங்களை இணைத்தது’ என்று மாணவரை எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் ஒரே நொடியில் கண்ட காட்சி என்று பார்ப்பவர் நம்பிவிடுவார்.

மாணவர்களே, 2 மீட்டர் ஆழத்தில் வட்டத்தின் விட்டம் சுமார் 4.5 மீட்டர். 4 மீட்டரில் அது இரட்டிப்பாகும், கோணம் மாறாது. ஏன்? படம் வரைந்து விளக்குங்கள்.